நகல் எடுத்தவர்: ராக்கம்மாள்

திவ்யா தன் குடும்ப மரத்தில் ஐந்து பெட்டிகளைக் காலியாக விட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ‘குழந்தை, பெயர் தெரியாது’ என்று மட்டும் எழுதியிருந்தாள். பதினோரு வருடம் விடைத்தாள் திருத்திய கை அவளுடையது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி வைப்பதைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு போனை எடுத்தபோது, அந்த ஐந்து பெட்டிகளுக்கும் பெயர் வந்திருந்தது.

அவளுடைய மரத்தில் இல்லை. அதை நகலெடுத்த இன்னொருவரின் மரத்தில்.

ஒச்சப்பன். விருமாயி. காத்தாண்டி. பேச்சி. மாயக்காள். பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றுவிடாமல் இருந்தன. ஒருவருக்கும் எட்டு வயது நிறையவில்லை. இரண்டு மாதம் அலைந்தும் தனக்குக் கிடைக்காத பெயர்கள் யாருக்கோ கிடைத்திருக்கின்றனவே என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பெட்டிகளுக்கு மேலே இருந்த வரியைப் பார்த்தாள். தாய்: ராக்கம்மாள்.

சுத்தத் தப்பு. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவள் அன்னக்கொடி. யார் இப்படிக் குளறுபடி செய்தது என்று மேலே தள்ளிப் பார்த்தால், நகலெடுத்தவர் பெயரும் ராக்கம்மாள் என்றே இருந்தது. படம் கிடையாது. ஊர் கிடையாது.

‘கொடிவழி’ என்ற அந்தச் செயலியில் அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தாத்தா, அவருடைய அப்பா என்று பெட்டி பெட்டியாக மரம் வரைந்து வைத்தால், சொந்தக்காரர்கள் ஒரே அழுத்தில் அதைத் தங்கள் போனுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். முதலில் எடுத்தவர் பெரியப்பா மகன் சிவக்குமார் அண்ணன். திவ்யா பள்ளி விடுமுறையில் வெயிலோடு வெயிலாக பஸ் ஏறி, பத்திரம் பார்த்து, பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிச் சேர்த்த அத்தனையையும், அவர் கோயம்புத்தூரில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு நொடியில் வாரிக்கொண்டார். ‘நம்ம வம்சத்தைத் தேடி எடுத்தாச்சு’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுக் கைதட்டலும் வாங்கினார். திவ்யாவின் பெயரை மறந்தும் சொல்லவில்லை. அவரிடமிருந்து மற்றவர்கள் எடுத்தார்கள். இப்போது அந்த மரத்துக்குச் சொந்தக்காரர்களிடம் மட்டும் இருபத்து மூன்று நகல்கள். அதற்கு மேல் ஒன்றாக வந்திருந்தது இந்த ராக்கம்மாள்.

ராக்கம்மாள் யாரென்று திவ்யாவுக்குத் தெரியும். கொள்ளுத்தாத்தா முத்துக்கருப்பனின் மூத்தாள். தலைப்பிரசவத்தில் பிள்ளையும் தானுமாகப் போய்ச் சேர்ந்தவள். அதற்கப்புறம் இளையாளாக வந்த அன்னக்கொடி ஐந்து பெற்றாள், ஐந்தையும் பறிகொடுத்தாள். ஆறாவது மட்டும் தங்கியது. அந்த ஆறாவது பிள்ளைதான் திவ்யாவின் தாத்தா தவுடன். செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆனவள் பெயரில் யார் கணக்குத் திறந்து விளையாடுகிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது அவளுக்கு. ‘வணக்கம். நீங்க யார் வீட்டு ஆளு?’ என்று ஒரு செய்தி அனுப்பினாள்.

விளாங்குடியில் அந்த மாடி வீடு மே மாத மதியத்தில் அடுப்பில் வைத்த சட்டியாகக் காய்ந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன் சன்னலுக்கு வெளியே எழுந்து, வெயிலில் கரைந்து, அடுத்தது வரும்வரை ஒரு நீண்ட வெறுமையை விட்டுப்போனது. கீழ் வீட்டுக்காரர்கள் டவுனுக்குள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கணவன் சூர்யபிரகாஷ் திண்டுக்கல்லில் டயர் கம்பெனி வேலையில்; வர ஒன்பதாகும். உள்ளறையில் ஏழு வயது ஓவியா சொப்புச் சாமான்களைப் பரப்பி விளையாடும் சத்தம், பிளாஸ்டிக் கரண்டி பிளாஸ்டிக் தட்டில் படுகிற மொட்டைச் சத்தம், விட்டுவிட்டுக் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். பாரம் தொங்குகிற இரும்பின் முனகல்.

உள்ளறை உத்தரத்தில் ஒரு கொக்கி உண்டு. ஓவியா பிறந்தபோது சேலைத் தொட்டில் கட்டியது அதில்தான். தொட்டிலை அவிழ்த்து ஐந்து வருடம் ஆகிறது. மின்விசிறியாக இருக்கும் என்று எட்டிப் பார்த்துச் சுவிட்சை நிறுத்தினாள். விசிறி மெல்லச் சுற்றி நின்றது. சத்தம் நிற்கவில்லை. கொக்கியில் ஒன்றும் இல்லை. அது அசையவும் இல்லை. பிறகு, அவள் பார்த்துக்கொண்டே நின்றதாலோ என்னவோ, அதுவும் ஓய்ந்தது.

“அம்மா, ஃபேன் போடு. வேர்க்குது” என்றாள் ஓவியா தலை நிமிராமல்.

போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். போன் ஒரு முறை உறுமியது. அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. ஓர் அறிவிப்பு மட்டும்: ராக்கம்மாள் உங்கள் மரத்திலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். நபர்: தவுடன். தாய்: ராக்கம்மாள்.

அவள் அந்த மரத்தைத் திறந்து பார்த்தாள். எந்தக் குடும்ப மரமும் தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கும். இது இறங்கவில்லை. மேலே ஒரே ஒரு பெட்டி. அதற்கடியில் பந்தியில் உட்கார வைத்ததுபோல் ஒரே வரிசையில் ஆறு பிள்ளைகள். கணவன் என்று யாரும் இல்லை. எழுபத்தெட்டு வயது வாழ்ந்து, பேரன் பேத்தி பார்த்துப் போன தாத்தா, அந்த வரிசையின் கடைசியில் பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஏழாவதாக ஒரு பெட்டிக்கு இடம் விட்டிருந்தது.

திவ்யா மறுபடி தாத்தாவின் பெட்டிக்கே வந்தாள். ஏனென்றால் தவுடனை அந்த வீட்டோடு சேர்த்து எழுதியது அவள்தான். எந்தக் காகிதத்திலும் அவர் முத்துக்கருப்பன் மகன் கிடையாது. பள்ளிக்கூடம், பத்திரம், ஓட்டுப் பட்டியல், எங்கே பார்த்தாலும் சுருளி மகன் தவுடன். உண்மைக் கதையைச் சொன்னது வாடிப்பட்டியில் இருக்கிற பாண்டிச்செல்வி அத்தை, அப்பாவின் தங்கை. ஒரு காதுகுத்து வீட்டில், இலை போடக் காத்திருந்த நேரத்தில், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஐந்து பிள்ளை தங்காமல் போனதால், ஆறாவதைப் பிறந்த மூன்றாம் நாளே முறத்தில் கிடத்தி, நாலு வீடு தள்ளியிருந்த சுருளி பெண்டாட்டியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட்டார்களாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, அதனால் தவுடன். பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டால் தேடி வருகிறவளுக்கு அடையாளம் தெரியாதாம். இதையெல்லாம் எழுதி வைத்துவிடாதே என்றும் அத்தை சொன்னாள். திவ்யா அன்று சாயங்காலமே எழுதி வைத்தாள். தந்தை என்ற இடத்தில் சுருளியை அடித்துவிட்டு முத்துக்கருப்பன், தாய் என்ற இடத்தில் அன்னக்கொடி. ஒரு தப்பைத் திருத்திய திருப்தியில் இஞ்சி தட்டி டீ போட்டுக் குடித்தது இன்னும் நினைவிருந்தது.

சிவக்குமார் அண்ணனைக் கூப்பிட்டாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த அக்கவுண்டு ஒன்னோடது இல்லையா? நீதேன் ரெண்டாவதா ஒண்ணத் தொறந்து சரி பண்றேன்னு நெனச்சேன். வந்த திருத்தம் அம்புட்டுக்கும் அக்சப்ட் குடுத்துட்டேன். குரூப்லயும் எல்லாரையும் குடுக்கச் சொல்லியாச்சு.”

“என்ன திருத்தம்ணே வந்துச்சு?”

“பேரெல்லாம் போட்டு வந்துச்சுல்ல, அதுதேன். கடைசியா ஓவியா பாப்பாவுக்கும் என்னமோ வந்துச்சு. நான் வாசிக்கல.”

அவர் பேசி முடிப்பதற்குள் அவளுக்கும் அது வந்துவிட்டது. ராக்கம்மாள் ஒரு திருத்தம் பரிந்துரைக்கிறார். நபர்: ஓவியா. திருத்த வேண்டியது: தாய். கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன், மறுக்கிறேன். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், நகல்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்டால் இந்தத் திருத்தம் மூல மரத்திலும் தானாகப் பதிவாகும் என்றும், இதுவரை ஏற்றவை 9 / 23 என்றும் இருந்தது. சேரும்போது இதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் கொடுத்திருப்பாள். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

மறுக்கிறேன் என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்து, மூச்சு விடும் நேரத்தில் மறுபடி வந்தது. அழுத்தினாள். மறுபடி வந்தது. 11 / 23.

குழுவில் எழுதினாள். யாரும் ஏற்க வேண்டாம், யாரோ விளையாடுகிறார்கள், தயவுசெய்து உங்கள் நகலை அழித்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதினாள். ஒரு சித்தப்பா கும்பிடு போடும் படம் அனுப்பினார். இன்னொருவர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். 13 / 23. சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுப் படுத்தவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் ஏற்கிறேன் ஏற்கிறேன் என்று அழுத்திக்கொண்டிருப்பார்கள். அவள் தன் மரத்தையே அழித்துவிடப் பார்த்தாள். அழிக்க முப்பது நாள் ஆகும், நகல்கள் அவரவர் வசம் இருக்கும் என்றது செயலி. கணவனைக் கூப்பிட்டாள். அவன் மீட்டிங்கில் இருப்பதாகக் கிசுகிசுத்து, போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்படிப் போனும் கையுமாக மதியம் கழிந்து, வெயில் சாய்ந்தபோதுதான் அந்த வாடை வந்தது. சமையலறையிலிருந்து இல்லை, தெருவிலிருந்தும் இல்லை. உள்ளறைக் கதவிடுக்கு வழியாக, காரமும் கசப்பும் கலந்து, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி மெல்ல மெல்லக் கூடத்தில் நிறைந்தது. அவளுக்கு அது தெரியும். பிள்ளை பெற்ற அறையின் வாடை. விளக்கில் சுட்ட வசம்பு. பேர் சொல்லாதது என்றுதான் பெண்கள் அதைச் சொல்வார்கள். ஓவியாவுக்கு ஒரு வயது ஆனதோடு அந்த வீட்டில் யாரும் வசம்பைத் தொட்டதில்லை.

உள்ளே போனாள். ஓவியா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொப்புத் தட்டுகளை ஒரே வரிசையில் வைத்திருந்தாள். ஏழு தட்டு. ஒவ்வொன்றிலும் நாலு பொரி. அறை வெளியைவிடக் குளிர்ந்து கிடந்தது.

“யாருக்குடா இம்புட்டுத் தட்டு?”

ஓவியா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “இது ஒச்சப்பன். இது விருமாயி. காத்தாண்டி, இவன் ரொம்பச் சேட்டை. பேச்சி. மாயக்கா. இது தவுடன், இன்னைக்குத்தான் வந்தான். இது எனக்கு.”

அந்தப் பெயர்களைத் திவ்யா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பிள்ளைக்குப் போனைக் கொடுப்பதும் இல்லை. பதறி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஏழு வயதுப் பிள்ளை கனத்தது. அந்தக் கனம் அப்போது ஆறுதலாக இருந்தது. உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்டதும் உள்ளே கிறீச். இடைவெளி. கிறீச்.

பாண்டிச்செல்வி அத்தை, மணி எட்டு முறை அடித்த பிறகு போனை எடுத்தாள். திவ்யா அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். சுருளியை அடித்துவிட்டு முத்துக்கருப்பன் என்று எழுதியதைச் சொன்னபோது அத்தை குறுக்கே புகுந்தாள். காதுகுத்து வீட்டில் சிரித்த குரல் இல்லை அது.

“எங்கப்பா அன்னக்கொடிய ஒரு நாளும் ஆத்தான்னு கூப்பிட்டதில்லத்தா. அத்தேன்னுதேன் கூப்பிடுவாரு. அவ செத்தன்னைக்கு வேத்தாளு மாதிரி ஓரமா நின்னாரு. பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கல. அம்புட்டுப் பேரும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தது எதுக்குன்னு நெனச்ச?”

“நீங்க சிரிச்சுக்கிட்டுத்தானே அத்தை சொன்னீங்க.”

“பேசுனா காத்தோட போயிரும். நீ வழி எழுதி வச்சுட்டியே. மூத்தவ ராக்கம்மா சாகுறப்ப புள்ள புள்ளன்னு கேட்டுக்கிட்டே செத்தவ. இப்ப நம்ம வகையில சின்னப் புள்ளன்னு இருக்கது ஒம்மக ஒருத்திதேன்.” அத்தை மூச்சு வாங்கினாள். “யாருகிட்டயாச்சும் தவுட்டுக்குக் குடுத்துரு. இப்பயே குடு. நான் பஸ்ஸு ஏறி வாரேன்.”

திவ்யா படித்தவள்தான். கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தன் பிள்ளை தன் மடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும். யாருக்குக் கொடுப்பது? கீழ் வீட்டு மருமகள் ஸ்ரீலட்சுமியை நினைத்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், இந்த வம்சத்தோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது, ஓவியா என்றால் உயிர். கூப்பிட்டாள். ஆரப்பாளையத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் வர அரை மணி நேரம் ஆகும் என்றும் ஸ்ரீலட்சுமி சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். “தவுட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? வீட்ல ஓட்ஸ்தான் இருக்கு.” திவ்யா சிரிக்காததைக் கேட்டதும் குரல் மாறி, சரி, வாங்கிக்கிட்டேன்னு வச்சுக்குங்க என்றாள்.

19 / 23.

மணி ஆறே கால். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிப் பழுத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இந்த எண் நிற்காது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ராக்கம்மாள் வீட்டுக்கு வழி கேட்டு வரவில்லை. மரத்தின் வழியாக வருகிறாள். மரத்தில் எழுதியதை அல்லவா பார்க்கிறாள்? அப்படியானால் தவிட்டுக்குக் கொடுப்பதையும் அங்கேயே கொடுத்துவிடலாம். சுருளி பெயரை எப்படி எழுதிக் காப்பாற்றினார்களோ அப்படி. ஓவியா, தாய்: ஸ்ரீலட்சுமி. இருபத்து மூன்று பேரும் ஏற்கட்டுமே. தேடி வருகிறவளுக்கு வேற்று வீட்டுப் பிள்ளைதான் தெரியும்.

சோபாவில் உட்கார்ந்து ஓவியாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளை தலையை அவள் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கட்டைவிரலைச் சூப்பியது. சூப்பும் பழக்கத்தை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு கையால் அவளை அணைத்தபடி மறு கையால் பெட்டியைத் திறந்தாள். தாய்: திவ்யா. அதன் பக்கத்தில் நீக்கு என்ற குறி. அழுத்தினாள். ‘தாயை நீக்க உறுதியாக விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது.

விரல் நின்றது. பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்து முகர்ந்தாள். வேர்வையும் பவுடரும். வசம்பும்.

ஆம்.

20 / 23.

தாய் என்ற வரிக்கு எதிரே வெறுமை. புதிய பெயரைச் சேர்க்கவும். ‘ஸ்ரீ’ என்று அடித்தாள். எழுத்து தப்பியது. அழித்தாள். மறுபடி அடித்தாள். 22 / 23. ஸ்ரீலட்சுமி. சேமி.

கரண்ட் போனது.

மின்விசிறி ஓய்ந்தது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. போனில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மொபைல் டேட்டாவை உயிர்ப்பிக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைத்தது. ஒரு கோடு சிக்னல்.

முறத்தோடு பிள்ளையைக் கொடுக்கும்போது ஒரு கை விடுவதற்கு முன்னால் இன்னொரு கை பிடித்திருக்கும். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. நடுவில் ஒரு நொடிகூடப் பிள்ளை யாருக்கும் இல்லாமல் இருந்திருக்காது. அவள் முதலில் விட்டுவிட்டாள். பிடிக்க ஆள் நிற்கவில்லை. எத்தனை நொடியாக ஓவியா தாயில்லாப் பிள்ளையாக இருக்கிறாள்?

உள்ளறையில் கிறீச் நின்றது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். தன் வீட்டுக் கதவைத் திறக்கிறவர்களின் சத்தம்.

வட்டமும் நின்றது. திரை தெளிந்தது. 23 / 23. திருத்தம் பதிவு செய்யப்பட்டது. நபர்: ஓவியா. தாய்: ராக்கம்மாள்.

மடியில் இருந்த பிள்ளை கட்டைவிரலை வாயிலிருந்து எடுத்தது. இறங்கியது. தெரியாத ஒருவர் மடியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட பிள்ளை மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றது. திவ்யா அதன் கையைப் பிடித்தாள். ஓவியா கையை வெடுக்கென்று இழுக்கவில்லை. மெதுவாக, மரியாதையாக விடுவித்துக்கொண்டாள். பிறகு திறந்திருந்த உள்ளறைக்குள் நடந்தாள்.

“ஓவியா.”

பிள்ளை நிலையைத் தாண்டிப் போனது.

“ஓவியா, அம்மா கூப்பிடுறேன்டா.”

எழுந்து பின்னாலேயே போனாள். அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. கூடத்து விளக்கு எரிந்தது. உள்ளறை மட்டும் இருட்டாகவே கிடந்தது. வாசலில் நின்று, சுவரைத் தடவி, சுவிட்சில் விரலை வைத்தாள்.

“லைட்டப் போடாதீங்க, சின்னம்மா” என்றது பிள்ளையின் குரல். “அம்மாவுக்குக் கண்ணு கூசுது.”

சின்னம்மா. மூத்தாள் பிள்ளை இளையாளைக் கூப்பிடும் முறை.

கூடத்து வெளிச்சம் ஒரு முழத்துக்கு உள்ளே விழுந்திருந்தது. அதன் விளிம்பில், கொக்கிக்கு நேர் கீழே, ஓவியா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாகப் பின்னால் கொடுத்திருந்தாள். பின்னால் யாரும் இல்லை. அவள் முடி மூன்றாகப் பிரிந்து காற்றில் நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறங்கி, நிதானமாக, பழகிய கையின் வேகத்தில் பின்னிக்கொண்டு போனது. ஓவியாவுக்கு முடி தோள்வரைதான். பின்னல் தோளைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. தரையைத் தொட்டு, சொப்புத் தட்டுகளுக்கு நடுவே வளைந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.